ஒரு சீசன் தக்காளிப் பணமும் மாதம் ஆயிரம் ரூபாயும்

2023 ஜூலை 24ஆம் தேதி, தர்மபுரி மாவட்டம் தொப்பூரில், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அதே மாதத்தில்தான் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அரசே ரேஷன் கடையில் தக்காளி விற்ற மாதம் அது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கம் அந்த நேரத்தில் தோட்டத்தில் காய் வைத்திருந்தவர்கள், பல வருடமாகப் பார்க்காத காசைக் கண்ணால் பார்த்தார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தபோது, எனக்கு அத்தை முறையாகும் ஒருவருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் புன்செய், ஒரு கிணறு, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் தோட்ட வேலை இல்லாத நாட்களில் கட்டட வேலைக்கு ஓசூருக்குப் போய்வருவார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பெண் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, “வருட வருமானம் எவ்வளவுங்க அக்கா?” என்று கேட்டாள்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். “எந்த வருசத்தைச் சொல்லட்டும் கண்ணு? போன வருசமா, இந்த வருசமா?”

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. “சும்மா ஒரு கணக்கா சொல்லுங்க” என்றாள். அத்தை மனதுக்குள் கூட்டிப் பார்த்து, “மூணு லட்சம் வரும்” என்றார். எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நிமிடம் நின்றது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தை சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு பயிரில் அவ்வளவு மிஞ்சியது உண்மைதான். செப்டம்பரில் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்த நேரத்தில் தக்காளி விலை தரைக்கு இறங்கியிருந்தது.

அத்தை கேட்ட அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேசப்போகிறேன். வருமானம் பார்த்துக் கொடுக்கும் எந்த உதவியாக இருந்தாலும், எப்போதோ ஒரு தடவை வந்த பணத்தை எந்த ஆண்டின் கணக்கில் வைப்பது, எவ்வளவு வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா? கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டங்களில் பாதிக் குடும்பத்தின் தலையெழுத்து இந்தக் கேள்வியின் பதிலில்தான் தொங்குகிறது என்று சொல்வேன். இங்கே பணம் மாதா மாதம் வருவதில்லை. தக்காளி விலை ஏறினால் வரும். பட்டுக்கூடு நல்லபடி கட்டினால் 30 நாளுக்கு ஒரு தடவை அங்காடியில் வரும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டால் ஒரே தவணையில் வரும். மாமரம் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். மரத்துக்கே அப்படி ஒரு குணம் இருக்கும்போது, மரத்தை நம்பியிருக்கும் வீட்டின் வருமானம் எப்படி வருடா வருடம் ஒன்றாக இருக்கும்? 2025 சீசனில் மாங்கூழ் ஆலைகள் கொடுத்த விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று இங்கே விவசாயிகள் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் தோப்பு வைத்திருந்தவர், ஏக்கர் கணக்கைப் பார்த்தால் வசதிக்காரர். கையிருப்பைப் பார்த்தால் கடன்காரர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை; ஆனால் எங்கள் பக்கம் யாரிடம் காட்டினாலும் “ஆமாம், இப்படித்தான்” என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு முதல் ஆண்டு தக்காளியில் 30,000 நட்டம். பறித்தால் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். கணவன் மனைவி இருவரின் கூலி 90,000. ஆக மொத்தம் 60,000. இரண்டாம் ஆண்டு தக்காளியில் 20,000 மிச்சம், கூலி 90,000, மொத்தம் 1,10,000. மூன்றாம் ஆண்டு விலை ஏறியது. தக்காளியில் 2,60,000 மிஞ்சியது. தோட்டத்தில் வேலை அதிகம் என்பதால் கூலிக்குப் போனது குறைவு, 70,000. மொத்தம் 3,30,000.

மூன்று வருடத்துக்கும் சேர்த்து 5 லட்சம். சராசரி பார்த்தால் வருடத்துக்கு 1,66,667 ரூபாய். பக்கத்து வீட்டில் ஒருவர் தனியார் கம்பெனியில் மாதம் 20,000 சம்பளம் வாங்குகிறார் என்று வையுங்கள். வருடம் 2,40,000, மூன்று வருடத்தில் 7,20,000. இவர் மூன்று வருடமும் வரம்புக்குள். விவசாயக் குடும்பம் மூன்றாம் வருடத்தில் வெளியே. அதிகம் சம்பாதித்தவர் உள்ளே, குறைவாகச் சம்பாதித்தவர் வெளியே. யாரும் ஏமாற்றவில்லை, எந்த அதிகாரியும் தவறு செய்யவில்லை. ஒரே ஒரு வருடத்தை மட்டும் எடுத்து அளந்ததால் வந்த விளைவு இது.

இதில் இன்னொரு சிக்கல். வரம்பைத் தாண்டினால் உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, மொத்தமாக நின்றுவிடுகிறது. 2,50,000 வரை மாதம் ஆயிரம். அதற்கு மேல் ஒரு நூறு ரூபாய் கூடிவிட்டால் சுழியம். தொப்பூர்க் கணவாயில் லாரி ஓட்டுபவர்களுக்குத் தெரியும், சரிவு இருந்தால் கியரைக் குறைத்துப் பிரேக் போட்டு இறங்கலாம். பள்ளம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. நம்முடைய பெரும்பாலான திட்டங்களில் இருப்பது பள்ளம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை மாதக் கணக்கில் போகிறது. வேலை செய்து ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவியில் குறையும், மீதி அவருக்கே. அதாவது சரிவு. ஒரே மாதத்தில் மிகப் பெரிய தொகை வந்து உதவி நின்றுபோனால், ஒரு வரம்புக்கு மேலான பகுதியை அடுத்தடுத்த மாதங்களுக்கும் கொண்டுபோய்ப் பார்க்கும் விதியும் உண்டு. சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் இல்லை. அமெரிக்காவில் ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான எஸ்.எஸ்.ஐ. உதவியில் வேறு ஒரு முறை: கையில் வந்த மாதத்தில் அந்தப் பணம் வருமானம். செலவாகாமல் அடுத்த மாதம் வரை கையில் இருந்தால் அது சொத்து. அங்கே தனி ஒருவருக்குச் சொத்து வரம்பு 2,000 டாலர். 1989இலிருந்து அதை உயர்த்தவே இல்லை. அதனால் ஒரு தடவை வந்த பணத்தைச் சேர்த்து வைத்தவரைத் தண்டிக்கும் விதியாக அது மாறிவிட்டது. அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வருமானம் என்றால் என்ன, சொத்து என்றால் என்ன, எந்தக் காலத்துக்கு அளப்பது என்பதை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தக் கேள்வி முகாம் மேசையில் உட்கார்ந்திருக்கும் 22 வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது.

சரி, நம் ஊர்த் திட்டங்களுக்கு வருவோம். முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கைக்கு வரும் பணம் எல்லாம் வருமானம் கிடையாது. நகையை அடகு வைத்து வாங்கிய பணம் கடன். சீட்டு எடுத்தது நாம் கட்டிய, கட்டப்போகிற பணம். மொய் வந்தது திருப்பிச் செய்ய வேண்டிய முறை. மொய் நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கடன்தான். மாட்டை விற்றது, மரத்தை விற்றது, நிலத்தை விற்றது எல்லாம் சொத்து கைமாறியது. கம்பெனியை விட்டு வந்த பெண் எடுத்த பி.எஃப். பணம் அவளுடைய சேமிப்பு. இவற்றில் எதையும் “வருட வருமானம்” என்ற கட்டத்தில் எழுத வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் மொத்தமாக இரண்டு லட்சம் ஏறியிருப்பதைப் பார்த்து, அதுவே வருமானம் என்று பயந்து எழுதிவிடுபவர்கள் நிறைய. விற்ற காசையும் மிஞ்சிய காசையும் ஒன்றாக நினைப்பதும் அப்படித்தான். மண்டிச் சீட்டில் 6 லட்சத்துக்குக் காய் போயிருக்கலாம். நாற்று, மல்ச்சிங் ஷீட், கம்பு, சணல், மருந்து, உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக 2.6 லட்சம் மிஞ்சியிருக்கும். வருமானம் அந்த 2.6 லட்சம்தான்.

அப்புறம், ஒரே பணத்தை ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு கண்ணால் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இதுதான் மக்களை அதிகம் குழப்புகிற இடம்.

அத்தை வீட்டுத் தக்காளிப் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. அதில் வருமான வரம்பு என்று ஒன்று இல்லை. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியிருந்தால் தகுதி கிடையாது என்பது விதி. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. ஆகவே தக்காளியில் எவ்வளவு வந்தாலும் பி.எம். கிசான் பணத்துக்கு அதனால் பாதகம் இல்லை. அதே பணத்தை மகன் கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் எடுக்கும்போது சேர்க்க வேண்டும். அங்கே விவசாய வருமானமும் வருமானம்தான். பல உதவித்தொகைகளுக்கு வரம்பு 2.5 லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போனால் வரம்பு 1,20,000. முன்பு 72,000 ஆக இருந்ததை 2022இல் உயர்த்தினார்கள். பழைய வருமானச் சான்றுகளைப் புரட்டிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு 72,000 என்ற எண் ஏன் வருகிறது என்பதற்கு விடை இதுதான். வரம்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் வருமானம் நின்றுகொள்கிறது. இதை நான் ஊழல் என்று சொல்ல மாட்டேன். நிலையில்லாத வருமானத்துக்கு ஒரே ஒரு எண்ணைக் கேட்டால், மக்களும் வி.ஏ.ஓ.வும் சேர்ந்து, யாருக்கும் கெடுதல் வராத எண்ணாகப் பார்த்து எழுதுகிறார்கள்.

மத்திய அரசு ஓ.பி.சி. இடஒதுக்கீட்டில் இன்னும் வேறு மாதிரி. இடஒதுக்கீடு கிடைக்காத ‘வசதி படைத்தவர்’ பிரிவில் ஒரு குடும்பத்தைச் சேர்க்க 8 லட்சம் வரம்பு. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த வரம்பைத் தொட்டிருக்க வேண்டும். சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வருடம் வந்த பணத்தை வைத்து ஒரு குடும்பத்தின் நிலையை முடிவு செய்யக் கூடாது என்ற புத்தி 1993இல் அந்த ஆணையை எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டில் அதே 8 லட்சம், ஆனால் முந்தைய ஒரே நிதியாண்டு, விவசாயமும் சேர்த்தி. ஒரே அரசு, ஒரே தொகை, இரண்டு அளவுகோல்.

இந்த மூன்றாண்டு விதியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எட்டு லட்சம் சம்பாதிப்பவருக்கு மூன்று வருடம் பொறுத்துப் பார்க்க முடிகிறது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஏன் முடியவில்லை? வருமான வரிச் சட்டத்திலும் இந்தக் கருணை இருக்கிறது. சம்பள நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாக வந்தால், அது எந்தெந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு வரி நிவாரணம் கேட்கலாம். சம்பளக்காரருக்கு ஒரு தடவை வந்த பணத்தைப் பரப்பிப் பார்க்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. மண்ணை நம்பியவருக்கு அந்த வழி இல்லை. எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை.

நிலம் எடுப்புப் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி, நல்லம்பள்ளி என்று அரசின் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கும், தர்மபுரி–ஓசூர் நான்குவழிச் சாலைக்கும் நிலம் கொடுத்த குடும்பங்கள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இழப்பீடு நிலத்துக்குப் பதில் வந்த பணம், வருமானம் இல்லை. இதுவரை சரி. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் வரும் வட்டி வருமானம். 20 லட்சத்தை 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 1,40,000 வட்டி. வேறு ஒரு பைசா கூலி இல்லாவிட்டாலும் மருத்துவக் காப்பீட்டு வரம்பான 1,20,000ஐ வட்டி மட்டுமே தாண்டிவிடுகிறது. மாட்டை விற்ற காசு வருமானமில்லை, ஆனால் கறக்கும் பால் வருமானம் என்பது மாதிரி. ஒரு தடவை வந்த பணம் இப்படி வருடா வருடம் வருகிற பணமாக மாறிவிடுகிறது. நிலமும் போய், காப்பீட்டு அட்டையும் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் முதியவர்களுக்கு, வைப்புத்தொகை போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வங்கியில் இருப்பவர் வட்டி விகிதத்தைச் சொல்வார், அவ்வளவுதான்.

இழப்பீடு போதவில்லை என்று வழக்குப் போட்டுக் கூடுதல் தொகை வாங்கியவர்களுக்கு இன்னொன்று. பல வருட வழக்குக்குப் பின் கூடுதல் தொகையோடு வட்டியும் ஒரே மொத்தமாக வரும். அந்த வட்டியைக் கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே வருமான வரித் துறை பார்க்கிறது; அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம், மீதிக்கு வரிக் கணக்கு. பத்து வருடக் காத்திருப்பின் வட்டி ஒரே வருடத்தில் ஒரு குடும்பத்தை வரி கட்டுபவராக்கிவிடும். வரி கட்டினால் பி.எம். கிசான் அந்த மதிப்பீட்டு ஆண்டைக் காரணம் காட்டி நிற்கும்.

வரிக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, உரிமைத் தொகை விதியில் வருமானம் மட்டும் இல்லை. 5 ஏக்கருக்குள் நன்செய் அல்லது 10 ஏக்கருக்குள் புன்செய், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், 2.5 லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் வீட்டில் இருக்கக் கூடாது, சொந்த உபயோகத்துக்குக் கார், ஜீப், டிராக்டர் இருக்கக் கூடாது, இப்படிப் போகிறது. இதில் வரிக் கணக்கு விதியில் மாட்டிக்கொண்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். மகன் வண்டிக் கடன் வாங்குவதற்காக, ஆடிட்டர் அலுவலகத்தில் 500, 1000 கொடுத்து, வராத வருமானத்தை 4 லட்சம் என்று காட்டி ஒரே ஒரு தடவை கணக்குத் தாக்கல் செய்திருப்பான். வரி ஒரு பைசா கட்டியிருக்க மாட்டான். கடனும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த ஒரு தாக்கல் அம்மாவின் விண்ணப்பத்துக்குக் குறுக்கே நின்றது. வங்கிக்குக் காட்டிய வருமானமும் அரசுக்குச் சொல்லும் வருமானமும் ஒரே கணினியில் சந்திக்கும் காலம் இது. கடனுக்காக வருமானத்தை ஏற்றிக் காட்டும் பழக்கத்தை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்துங்கள்.

காரும் அப்படித்தான். விலை கிடைத்த வருடத்தில் வந்த பணத்தை என்ன செய்வது என்று யோசித்து, 80,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஆம்னி வாங்குகிறார்கள். பறித்த காயை மண்டியில் இறக்கிவிடலாம், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். அந்த வருடத்து வருமானம் அந்த வருடத்தோடு போய்விடும். ஆர்.சி. புத்தகம் வருடா வருடம் வீட்டில் இருக்கும். ஒரு தடவை வந்த பணம் எதுவாக உருமாறுகிறது என்பதுதான் பணத்தைவிட முக்கியம். கடனை அடைத்தால் எந்தக் கணக்கிலும் அது தெரியாது. ஆழ்துளைக் கிணறு போட்டால் தெரியாது. அறை கட்டி ஏ.சி. வைத்தால் மின் அளவியில் தெரியும். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்பதுதான் 3,600இன் கணக்கு. வைப்புத்தொகை வட்டியில் தெரியும். வாகனம் பதிவில் தெரியும். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை கையில் நாலு காசு வரும்போது மனிதர் ஆசைப்படத்தான் செய்வார். அதில் தவறு என்ன? எது எதை நிறுத்தும் என்று தெரிந்து வாங்கட்டும் என்கிறேன்.

வருமானச் சான்றிதழ் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சான்று வரும். ஓராண்டு செல்லும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் வி.ஏ.ஓ.வை மணியக்காரர் என்றுதான் சொல்வார்கள். மணியக்காரர் விசாரிக்க வரும்போது வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மண்டிச் சீட்டுகள், கமிஷன் கழித்த துண்டுகள், உரக்கடை பில், நாற்றுக்குக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். விற்பனையைச் சொல்லாமல் செலவு போக மிஞ்சியதைச் சொல்லுங்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் என்ன வந்தது என்பதையும் சொல்லுங்கள். விதியில் சராசரி இல்லாவிட்டாலும், விசாரிக்கிற மனிதர் ஒரு முடிவுக்கு வருவதற்கு அது உதவும். பொய் எழுதச் சொல்லவில்லை. தகுதியில்லாமல் பி.எம். கிசான் பணம் வாங்கியவர்களிடம் தமிழ்நாட்டில் 2020இல் அதைத் திரும்ப வசூலித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். உண்மையை முழுதாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பாதி உண்மைதான் அத்தையை வெளியே தள்ளியது.

மறுக்கப்பட்டால் அதோடு விட வேண்டியதில்லை. 2023இல் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்திருந்தார்கள். அத்தைக்கு அந்த 30 நாளும் அடுத்த பயிருக்கு நடவு போடுவதில் போய்விட்டது. நானும் சரியாக வற்புறுத்தவில்லை; அது என் தவறு. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகங்களில் வருடத்துக்கு ஒரு தடவை, கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. அங்கே மனுக் கொடுக்கும்போது, “உதவி வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், “இன்ன வருடம் மட்டும் இன்ன காரணத்தால் வருமானம் கூடியது, முந்தைய இரண்டு ஆண்டும் இவ்வளவுதான்” என்று எண்ணோடு எழுதினால், மனுவைப் படிப்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

எல்லாத் திட்டத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊரில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ரேஷன் அரிசி வாங்க இந்தப் பயம் வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் கண்டக்டர் தக்காளி என்ன விலைக்குப் போச்சு என்று கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருவதற்கு அப்பாவின் வருமானம் கேட்பதில்லை. கேட்காத திட்டங்களில் அத்தை வீடு ஒரு நாளும் விடுபட்டதில்லை. கேட்கிற திட்டங்களில்தான் விடுபட்டது. எல்லோருக்கும் கொடுக்க அரசிடம் காசு இருக்குமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடு என்று நான் வாதாட வரவில்லை. அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றால், மூன்று வருடச் சராசரியை வைத்து அளக்கலாம். முடியாது என்றால், விவசாயம், கூலி மாதிரி ஏறி இறங்கும் வருமானம் உள்ள வீட்டுக்கு, ஒரு வருடம் வரம்பு தாண்டினாலும் அடுத்த வருடம் வரை உதவியை நிறுத்தாமல் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் பெரிய கணினி ஒன்றும் தேவையில்லை. விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும்.

போன மாதம் அத்தையின் மகனுக்குக் கல்லூரி உதவித்தொகை கேட்டு வருமானச் சான்று எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனோம். அத்தை இந்தத் தடவை ஒரு மஞ்சப்பை கொண்டுவந்திருந்தார். உள்ளே மூன்று வருட மண்டிச் சீட்டுகள், ஒவ்வொரு வருடத்தையும் தனித்தனியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். நட்டம் வந்த வருடத்துக் கட்டு மெலிதாக இருந்தது. நாலைந்து சீட்டுதான். கணினி முன்னால் இருந்த தம்பி பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான்.

“மூணு வருசமும் இருக்கு அத்தை, நல்லா வெச்சிருக்கீங்க” என்றான். “ஆனா இதுல ஒரு வருசத்துக்குத்தான் கட்டம் இருக்கு. கடைசியா முடிஞ்ச வருசத்தப் போடறேன்.”

அந்த வருடம் வரம்புக்குள்தான் இருந்தது. போட்டான். 60 ரூபாய்க்கு ரசீது கொடுத்தான். அத்தை அதை மடித்து, மெலிதான கட்டோடு சேர்த்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.